வாட்ச்மேன் என்று சொல்லி விற்ற மீன்: கொளத்தூர்ப் பக்கம் ஒரு கடல்மீன் கடை

கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாதி பாராட்டு, பாதி புகார் என்று எழுதப் போகிறேன், புகார்ப் பாதியால் அந்த மனுஷன் பிழைப்பு கெட வேண்டாம். அந்தப் பக்கம் வண்ணமீன் வாங்க அலைந்தவர்களுக்கு எந்தக் கடை என்று புரிந்தாலும் புரியும். புரிந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை கொளத்தூரில் மீன்கடைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கப்பி, மோலி, ஃபைட்டர், கோல்டு ஃபிஷ் என்று பெரும்பாலும் நன்னீர் மீன்தான், உப்புத்தண்ணீர் மீன் வைத்திருக்கிற கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் உயிரோடு வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தாண்டுகிற மீனை விற்கிற கடை இன்னும் குறைவு. நான் போனது அப்படி ஒரு கடை என்று கேள்விப்பட்டுத்தான். வீட்டில் மூன்றடித் தொட்டி, சுமார் 200 லிட்டர், இரண்டு வருடமாக ஓடுகிறது, அடியில் மூன்று அங்குலத்துக்கு மணல். அந்த மணலில் பாசி படிந்து பழுப்பாகக் கிடந்தது, அதைக் கிளறிவிட ஒரு மீன் வேண்டும். அவ்வளவுதான் என் தேவை.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது, நாற்றம் இல்லை. கடல்மீன் கடையில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு மீன் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தாலே அந்த வரிசை முழுவதும் காட்டிக்கொடுத்துவிடும். தொட்டிக் கண்ணாடி துடைத்திருந்தது, தண்ணீரின் உப்பளவு பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது, நான் கேட்காமலேயே கடைக்காரர் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் காட்டினார், 1.023. என் தொட்டி 1.025. வித்தியாசம் இருக்கிறது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் பழக்கிவிட்டு விடுங்கள் என்று அவரே சொன்னார். கடல்குதிரை இருக்கிறதா என்று சும்மா ஆழம் பார்க்கக் கேட்டேன். "அது ஷெட்யூல் ஒண்ணு சார், இந்தக் கடையில அந்தப் பேச்சே கிடையாது" என்று வெட்டிவிட்டார். சரியான பதில். 2001-இல் கடல்குதிரை, குழாய்மீன் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணையில் சேர்த்தார்கள், இருந்தும் கேட்டால் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போகிற கடைகளையும் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது, காசு வாங்குவதற்கு முன்னால் மீன் சாப்பிடுவதைக் காட்டுகிறார். உறைய வைத்த மைசிஸ் இறாலை ஒரு கிண்ணத்தில் கரைத்து, பிப்பெட்டில் உறிஞ்சி மீன் முன்னால் விடுகிறார், அது வாயில் எடுத்தால்தான் பில். எடுக்கவில்லை என்றால் "அடுத்த வாரம் வாங்க சார்". புது வரவைப் பத்து நாள் விற்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார், நான் அடுத்தடுத்து மூன்று முறை போனதில் அது நிஜம்தான் என்று தெரிந்தது, ஒரே மீன் அதே மூலைத் தொட்டியில் 'விற்பனைக்கு இல்லை' ஸ்டிக்கரோடு இருந்தது.

இனி கதைக்கு வருகிறேன்.

கீழ்வரிசைத் தொட்டியில் ஒரு மீன். என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் நீளம், எட்டு சென்டிமீட்டர் இருக்கும். வெளிர் சாம்பல் உடம்பு, தரையில் வயிற்றை வைத்து உட்கார்ந்திருந்தது, கண் இரண்டும் தலை உச்சிக்கு ஏறியிருந்தன. கண்ணாடியில் மார்க்கரில் எழுதியிருந்தது: டயமண்ட் வாட்ச்மேன், 1,400.

"மணல் கிளறுமா?"

"கிளறுமாவா? வாட்ச்மேன் கோபி சார் இது. ஒரு பிஸ்டல் இறால் சேர்த்து எடுத்துக்கோங்க. இறால் பொந்து நோண்டும், இவரு வாசல்ல உக்காந்து காவல் காப்பாரு. பாக்கவே சூப்பரா இருக்கும்."

இறால் 900 ரூபாய். பக்கத்தில் வலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் நின்றான், பாம்பன்காரன். "அண்ணே, இது உளுவைதானே" என்றான். கடைக்காரர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். நானும் கண்டுகொள்ளவில்லை. டயமண்ட் வாட்ச்மேன் என்று பளபளப்பாக ஒரு பெயர் காதில் விழுந்த பிறகு உளுவை எங்கே ஏறும்? 2,300 கொடுத்து இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பேக்கிங்குக்குக் குறை சொல்ல முடியாது, இரட்டைப் பை, மூலையில் மீன் சிக்காமல் அடியில் முடிச்சு, ஆக்சிஜன், தெர்மோகோல் பெட்டி. இறாலுக்குத் தனி டப்பா.

அந்த இறால் சமாச்சாரம் பொய் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிஸ்டல் இறால் ஆல்ஃபியஸ் என்ற வகை, அதற்குக் கண் சரியாகத் தெரியாது. அது பொந்து தோண்டும், வெளியே வரும்போது தன் மீசையில் ஒன்றை மீனின் உடம்பில் தொட்டபடியே வரும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு சிலுப்பு சிலுப்பும், இறால் உள்ளே போய்விடும், பின்னாலேயே மீனும். நூறு வகைக்கு மேல் கோபி மீன்கள் இப்படிக் குடித்தனம் நடத்துகின்றன. கிரிப்டோசென்ட்ரஸ், ஆம்ப்ளிஎலியோட்ரிஸ் என்ற பேரினங்களில் இது சகஜம், மஞ்சள் வாட்ச்மேன் என்று கடைகளில் விற்பது கிரிப்டோசென்ட்ரஸ் வகையில் ஒன்று.

என் வீட்டில் நடந்தது வேறு. இறால் வலது மூலையில் ஒரு பாறைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. மீன் இடது மூலையில். நான்காவது நாள் மீன் தானாகவே பொந்து தோண்ட ஆரம்பித்தது, வாய் நிறைய மணலை அள்ளி, தலையைத் தூக்கி, செவுள் வழியாகப் பொலபொலவென்று உதிர்க்கும், மறுபடி குனிந்து ஒரு வாய். நாள் முழுவதும் இதே வேலை. மணல் பத்து நாளில் வெள்ளையாகிவிட்டது, கூடவே கீழே வைத்திருந்த ஒரு பவளம் பாதி புதைந்துவிட்டது. ராத்திரியில் வலது மூலையிலிருந்து "டப்" என்று ஒரு சத்தம் வரும், இறால் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம், முதல் நாள் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று வாரம் ஆகியும் இரண்டும் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் என்றால் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வேண்டாமா? இது சைட்டில் மண் அள்ளுகிற மேஸ்திரி.

அப்போதுதான் இது என்ன மீன் என்ற சந்தேகமே வந்தது.

முதலில் சோம்பேறித்தனமாக, படம் எடுத்தால் பெயர் சொல்கிற ஒரு செயலியில் போட்டேன். லிசார்ட்ஃபிஷ் என்றது. இன்னொரு கோணத்தில் எடுத்துப் போட்டேன், சாண்ட் பெர்ச் என்றது. மணல் மேல் உட்கார்ந்திருக்கிற வெளிர் நிற மீன் என்பதைத் தவிர அதற்கு எதுவும் தெரியவில்லை போலிருக்கிறது. குற்றம் அதன் மேல் மட்டும் இல்லை, தொட்டிக் கண்ணாடி வழியாக நீல விளக்கில் எடுத்த படத்தில் எந்த மீனும் பேயாகத்தான் தெரியும்.

இங்கே ஒரு பொருளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், இந்தச் செலவு முழுவதிலும் உருப்படியான செலவு அதுதான். 350 ரூபாய்க்கு ஒரு சின்ன அக்ரிலிக் பெட்டி, தொட்டி விளிம்பில் மாட்டுகிற மாதிரி கொக்கி இருக்கும், குஞ்சுகளைப் பிரித்து வைக்கிறதற்காக விற்பது. ஒரு சிறு குழாயில் மீனை அதற்குள் ஓட்டி, நீல விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளை டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டி எடுத்தால் துடுப்பின் ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாகத் தெரிகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள், மீன் பதறினால் நிறம் வெளுத்துப் போய், எதைப் பார்க்க எடுத்தீர்களோ அதுவே மறைந்துவிடும். என் முதல் சுற்றுப் படங்கள் அப்படித்தான் வீணாயின. மேலே மூடி கட்டாயம், இந்த ஜாதி துள்ளிக் குதிக்கும்.

பெட்டியில் பார்த்தது இவை. முதுகில் துடுப்பு இரண்டு, நடுவே இடைவெளி தெளிவாக இருக்கிறது. அதனால் பிளெனி என்கிற மீன் இல்லை, அதற்கு முதுகு நெடுக ஒரே நீளத் துடுப்பு, கண்ணுக்கு மேல் சின்னக் குஞ்சமும் பெரும்பாலும் இருக்கும். சாண்ட் பெர்ச்சுக்கும் துடுப்பு தொடர்ச்சியாகத்தான் ஓடும், அதுவும் இல்லை. லிசார்ட்ஃபிஷ்ஷுக்கு வாலுக்கு முன்னால் எலும்பில்லாத குட்டித் துடுப்பு ஒன்று இருக்கும், வாய் கண்ணைத் தாண்டிக் கிழிந்திருக்கும், அதுவும் போயிற்று. உடம்பின் பக்கத்தில் பக்கக்கோடு என்று எதுவும் ஓடவில்லை. முதல் முதுகுத் துடுப்பில் ஆறு முள், மூன்று முறை எண்ணினேன். எல்லாம் கோபி என்றே சொல்கிறது, அதாவது உளுவைக் குடும்பம். பாம்பன் பையன் வலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வினாடியில் சொன்னதை நான் மூன்று வாரம் கழித்து 350 ரூபாய் செலவழித்துக் கண்டுபிடித்தேன்.

ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். கோபி என்றால் வயிற்றுத் துடுப்பு இரண்டும் ஒட்டி ஒரு கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும், அதை வைத்துப் பாறையில் ஒட்டிக்கொள்ளும், எல்லா அறிமுகக் கட்டுரையிலும் முதல் வரியே இதுதான். என் மீன் பெட்டியின் முன்சுவரில் சாய்ந்து நின்றபோது கீழேயிருந்து பார்த்தேன். இரண்டு துடுப்பும் தனித்தனி. நன்றாகப் பிரிந்து, இரண்டு சின்ன விசிறி மாதிரி. இரண்டு ராத்திரி இதிலேயே போயிற்று. கோபியே இல்லை என்று முடிவு கட்டி டிராகனெட் என்கிற வேறு மீன் குடும்பத்தின் பக்கம் எல்லாம் போய்ப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, 1,700 இனத்துக்கு மேல் இருக்கிற குடும்பத்தில் விதிவிலக்கு இல்லாமலா இருக்கும், மணல் சலிக்கிற வாலென்சியென்னியா என்ற பேரினத்தில் வயிற்றுத் துடுப்புகள் பிரிந்தேதான் இருக்கும். எது என்னைக் குழப்பியதோ அதுவே வழியைக் காட்டிவிட்டது.

பெயரைப் பார்த்தால் வாய் சுளுக்கும், காரணம் எளிது, அஷீல் வாலென்சியென் என்ற பிரெஞ்சு மீனியலாளர் நினைவாக 1856-இல் பிளீக்கர் என்ற டச்சு மீனியலாளர் வைத்த பெயர். இந்தப் பேரினத்தை 1994-இல் ஹோஸ், லார்சன் என்ற இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மொத்தமாக ஒழுங்குபடுத்தி, ஏழு புது இனங்களையும் சேர்த்தார்கள். மொத்தமே பதினைந்து சொச்சம்தான் என்பதால் அங்கிருந்து வேலை சுலபம். முள் எண்ணிக்கை இங்கே உதவாது, எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிறக்குறியைத்தான் பார்க்க வேண்டும்.

டயமண்ட் என்று விற்கிற மீன் வாலென்சியென்னியா புயெல்லாரிஸ். இதே பேரினம்தான், ஆனால் உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கும், கடைக்காரர்கள் வைரம் என்று கண்டது அதைத்தான். என் மீனில் ஆரஞ்சு மருந்துக்கும் இல்லை. கன்னத்திலும் செவுள் மூடியிலும் வெளிர் நீலத்தில் கடுகளவு புள்ளிகள், ஒரு பக்கம் ஏழு எண்ணினேன். ஆனால் கன்னப்புள்ளி புயெல்லாரிஸுக்கும் உண்டு, அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. முடித்து வைத்தது முதல் முதுகுத் துடுப்பின் நுனி. அது துடுப்பை விரிப்பதே அபூர்வம், உணவு போடும்போது ஒரு நொடி விரிக்கும். அந்த நொடியில் எடுத்த படத்தில் நுனியில் பேனாவால் வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. மியூராலிஸ் என்ற இனத்துக்கும் அப்படிப் பொட்டு இருக்கிறது, ஆனால் அதற்கு உடம்பிலும் தலையிலும் இளஞ்சிவப்புக் கோடுகள் பளிச்சென்று ஓடும். இதற்குக் கன்னத்தில் கோடு இல்லை, புள்ளிதான். ஆக, வாலென்சியென்னியா செக்ஸ்குட்டாட்டா. 1837-இல் அந்த வாலென்சியெனே விவரித்த மீன். பெயருக்கு லத்தீனில் ஆறு சொட்டுக்காரி என்று அர்த்தம், என் வீட்டில் இருப்பதற்கு ஏழு, அதை அவள் பொருட்படுத்தவில்லை.

சரிபார்க்க ஃபிஷ்பேஸ் என்ற மீன் தகவல் இணையதளத்தில் படங்களைப் பார்த்தேன், ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளத்தில் கடலிலேயே எடுத்த படங்களையும். ஃபிஷ்பேஸை இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும், இலவசம், 35,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன, மீனின் அதிகபட்ச நீளம், வாழும் ஆழம், என்ன தின்னும் என்று எல்லாம் ஒரே பக்கத்தில். தமிழ்ப் பெயர்கள்கூடக் கொஞ்சம் சேர்த்திருக்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்டில் தொட்டி மீனைப் போடாதீர்கள், அது காட்டில், கடலில் தானாக வாழ்கிறவற்றுக்கான இடம். பார்க்க மட்டும் போங்கள், செங்கடலில் இருந்து பசிபிக் தீவுகள் வரை வெவ்வேறு வெளிச்சத்தில் ஒரே மீன் எப்படியெல்லாம் தெரிகிறது என்று பார்த்தாலே கண் பழகிவிடும்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, மீன் மணலைக் கிளறுகிறதல்லவா என்று வீட்டில் கேட்டார்கள். ஆகிறது. வாட்ச்மேன் கோபி பொந்து வாசலில் உட்கார்ந்து மிதந்து வருவதைப் பிடித்துத் தின்னும், ஒரு வேளை தீனி போட்டால் சமாளித்துக்கொள்ளும். இந்த மணல் சலிப்பான் மணலுக்குள் இருக்கிற பூச்சி புழுவைத் தின்று வாழ்கிறது, சின்னத் தொட்டியில் அது சில வாரத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் நாள் முழுவதும் சலித்துக்கொண்டே பட்டினியில் மெலியும். பார்க்கிறவர்களுக்கு நன்றாகச் சாப்பிடுகிற மாதிரியே இருக்கும், அதுதான் கொடுமை. என் மீனுக்கு வயிறு உள்வாங்க ஆரம்பித்திருந்தது, நான் கவனிக்கவே இல்லை. இப்போது ஒரு நாளைக்கு மூன்று வேளை, மைசிஸை நேராக அது மூக்கடியில் விடுகிறேன். இரண்டு வாரத்தில் வயிறு சமமாகிவிட்டது. அதோடு இந்த இனம் கடலில் ஜோடியாகத்தான் ஒரே பொந்தில் இருக்கும். அதற்குத் துணை வேண்டுமென்றால் இன்னொரு உளுவை, இறால் இல்லை.

படங்களைப் போனில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன், அது தப்பு, ஞாயிறு போனால் நிற்க இடம் கிடையாது, வண்டி நிறுத்தவும் கிடையாது. கடைக்காரர் கூட்டத்துக்கு நடுவிலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எனக்கு வர்ற பெட்டியில டயமண்ட்னு எழுதியிருந்தது சார், நான் அதைத்தான் எழுதுறேன்" என்றார். மறுக்கவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும், பிடிப்பவர் ஒரு பெயர், சேர்ப்பவர் ஒரு பெயர், அனுப்புபவர் ஒரு பெயர் என்று நாலு கை மாறித்தான் கடைக்கு வருகிறது. ஆனால் இறாலைச் சேர்த்துக் கட்டிவிட்டது பெட்டியில் எழுதியிருந்ததா என்று கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளே போய் ஒரு அட்டை மைசிஸ் எடுத்து வந்து கையில் கொடுத்தார், காசு வாங்கவில்லை. இறாலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், பாதி விலை தருகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை, ராத்திரி அந்த "டப்" இல்லாமல் இப்போது தூக்கம் வருவதில்லை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. மீனின் உடம்புக்கு நாலரை தாராளமாகத் தரலாம், பெயர்ப் பலகைக்கு ஒன்றுகூடத் தர மாட்டேன். போன் எடுக்க மாட்டார், பில் கேட்டால் துண்டுச்சீட்டுதான். நீங்கள் போனால் வார நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போங்கள். மீனைக் கடைக்காரர் சாப்பிட வைத்துக் காட்டும்வரை பொறுத்திருங்கள், அதன் பெயரை மட்டும் அவரிடம் கேட்காமல் வலை பிடித்திருக்கிற பையனிடம் கேளுங்கள்.

போன வாரம் கிளவுன் மீன் வாங்க மறுபடி போனேன். கீழ்வரிசைத் தொட்டியில் அதே மாதிரி இரண்டு மீன், ஒரே பாறைக்கு அடியில். டயமண்ட் வாட்ச்மேனை அழித்துவிட்டுப் புது மார்க்கரில் எழுதியிருந்தார்: சிக்ஸ் ஸ்பாட் கோபி, ரேர், ஜோடி 3,600.